பிசகாத பேரேடு

கணக்கு என்றால் செட்டிநாட்டுக் கண்டனூர்ப் பக்கத்துக்காரர்கள் என்று நெடுங்காலமாக ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரை இனியும் நாங்கள் வைத்துக்கொண்டிருப்பது யோக்கியமான காரியமில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து மரியாதையாக டெல்லிக்கு அனுப்பிவிடலாம் என்று யோசிக்கிறேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கையைப் பற்றிப் படித்த நாளிலிருந்து இதே நினைப்பு. பி.எம்.கே.வி.ஒய். என்று சுருக்கமாகச் சொல்கிற பிரதமரின் திறன் பயிற்சித் திட்டத்தில் 2015 முதல் 2022 வரை பணம் எப்படிப் பங்கிடப்பட்டது என்று தணிக்கைக்காரர்கள் துருவிப் பார்த்து எழுதியது அது. கண்டதையெல்லாம் குறை என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். பாவம், பழைய கணக்கு படித்தவர்கள்.

பழைய கணக்கு எப்படி இருந்தது என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்த ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிக்கப் போன செட்டியார்கள், மீசை முளைக்காத பையனைப் பெட்டியடிப் பையனாகக் கடைக்கு அனுப்பினார்கள். அவன் கடையைக் கூட்டுவான், கைப்பெட்டியைத் துடைப்பான், பெரியவர்கள் வட்டி போடுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். பிறகு சிட்டை எழுதுவான். கை படிந்தால் குறிப்பு, அதற்கப்புறம் பேரேடு. தேறினால் அடுத்தாள், இன்னும் தேறினால் மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது ஐந்தொகை எழுதிக் காட்ட வேண்டும். அதில் காலணா இடித்தாலும் விளக்கை வைத்துக்கொண்டு விடிய விடியத் தேடுவார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600-க்கு மேல் செட்டியார் கடைகள் இருந்தன. 75 கோடி ரூபாய் முதல் புழங்கியது. அத்தனை கடைக்கும் ஆள் தயாரித்துக் கொடுத்தது இந்தப் பெட்டியடிப் படிப்புதான். அரசாங்கம் ஒரு பைசா தரவில்லை, பையனுக்கு ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

யாருக்குப் போனது, எந்த ஊர், யார் மகன், எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் எழுதிவைக்கிற கெட்ட பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அந்தக் கடைகள் பர்மாக்காரன் வயலை என்ன பாடு படுத்தின என்பது தனிக்கதை. அதையும் பிசகாமல் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். எழுதிவைத்ததால்தான் இன்றைக்கும் அவர்களை உட்காரவைத்துத் திட்ட முடிகிறது. டெல்லிக்காரர்கள் நம்மைவிட ஒரு படி மேலே யோசித்திருக்கிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

திட்டத்தின் பதிவேட்டில் மொத்தம் 95,90,801 பேர். அதில் 90,66,264 பேருக்கு, வங்கிக் கணக்கு எண் எழுத வேண்டிய கட்டத்தில் சுழியம் இருந்தது, அல்லது பொருந்தாது என்று இருந்தது, அல்லது ஒன்றுமே இல்லை. நூற்றுக்கு 94.53 பேர். என் அனுபவத்தில் ஒரு பேரேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமலிருக்க ஒரே வழிதான் உண்டு. அதை இத்தனை பெரிய அளவில் யாரும் செய்து பார்த்ததில்லை. மிச்சமிருந்த ஐந்தேகால் லட்சம் பேரிலும் 12,122 கணக்கு எண்களை 52,381 பேர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் செட்டிநாட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆன கையோடு வேறு வைத்துவிடுவார்கள். அரண்மனை மாதிரி ஒரே வீடு, ஆனால் அடுப்பு தனி, அரிசி தனி, கணக்கும் தனி. பெற்ற மகனையே ஒரே கணக்கில் வைத்துக்கொள்ளத் தெரியாத நாங்கள், முன்பின் தெரியாத நாலைந்து பேரை ஒரே கணக்கு எண்ணில் குடியமர்த்திய அந்தக் கூட்டுக்குடும்பப் பாசத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டும். சில இடங்களில் கணக்கு எண் ஒன்றுகளாகவே வரிசை கட்டி நின்றது. சில இடங்களில் 123456 என்று ஆனா ஆவன்னா மாதிரி ஓடியது. எளிதில் மறக்காது.

படங்களும் அப்படித்தான். வெவ்வேறு பேர்களுக்கு ஒரே புகைப்படம் ஒட்டியிருந்ததாகத் தணிக்கைக்காரர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். குன்றக்குடியில் சண்முகநாதருக்கு ஆள் ஒருவர், முகம் ஆறு. அதைக் கும்பிடுகிறோம். இங்கே முகம் ஒன்று, ஆள் பலர். இதற்கு மட்டும் ஏன் சுளிக்க வேண்டும்?

இந்தப் பெருமையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் கண்டனூர் மண் என்னை மன்னிக்காது. கண்டனூரைச் சேர்ந்த ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த 2008-இல்தான், திறன் பயிற்சிக்கென்று ஓர் அமைப்பு வேண்டும், அரசாங்கம் 1,000 கோடி போடும் என்று பட்ஜெட்டில் சொன்னார். அந்த வருஷமே தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் பிறந்தது. மறு வருஷம் வந்த தேசியக் கொள்கை, 2022-க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் என்று எழுதியது. ஐம்பது கோடி! இந்த எண்ணை எழுதும்போது கை நடுங்காதவர்கள்தான் நாட்டை ஆள வேண்டும். 2013 பிப்ரவரி 28 அன்று சிதம்பரம் மறுபடியும் ஒரு 1,000 கோடியை ஒதுக்கினார். யார் வேண்டுமானாலும் பயிற்சி கொடுக்கலாம், தேர்வில் தேறியவருக்குச் சான்றிதழும் சராசரியாக 10,000 ரூபாய் பரிசும், இப்படிப் பத்து லட்சம் இளைஞர்கள். பத்து லட்சத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். சரியாக 1,000 கோடி. ஒரு ரூபாய் மிஞ்சாது, ஒரு ரூபாய் குறையாது. ஊர் ரத்தம் என்பது இதுதான். அந்தப் பெருக்கலில் வேலை என்ற எண் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வாய்ப்பாட்டில் அப்படி ஓர் எண் கிடையாது.

ஆட்சி மாறியது. வந்தவர்கள் முன்னவர்கள் செய்த எல்லாவற்றையும் தப்பு என்றார்கள், இந்தப் பெருக்கலைத் தவிர. 2015 ஜூலை 15-இல் பி.எம்.கே.வி.ஒய். என்று புதுப் பெயர் சூட்டி 1,500 கோடி, 24 லட்சம் பேர். அடுத்த வருஷம் 12,000 கோடி, ஒரு கோடிப் பேர். கோடியைக் கோடியால் அடித்தால் தலைக்குப் பன்னிரண்டாயிரம். தாளும் பேனாவும் வேண்டாம். சாரதா பிரசாத் என்பவர் தலைமையில் அரசே நியமித்த ஒரு குழு, தேவை என்னவென்று பார்க்காமல் எண்ணிக்கையைத் துரத்துகிறீர்கள் என்கிற ரீதியில் கொஞ்சம் கசப்பாக எழுதியது. டெல்லி மரியாதை தெரிந்த ஊர். அறிக்கையை இரண்டு கையாலும் வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து துரத்தலைத் தொடர்ந்தது.

பிறகு கொரோனா வந்தது. 2020-இல் 20 லட்சம் கோடி ரூபாய்க்கு ஊக்கத் தொகுப்பு அறிவித்தார்கள். பொருளாதாரம் படுத்தால் அரசு பணத்தை இறைத்து எழுப்ப வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வைத்தியம். எங்கே இறைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். கடைகள் மூடி, மில்கள் மூடி, வடக்கே ஜனங்கள் ரயில் பாதையோரம் நடந்து ஊர் போய்ச் சேர்ந்த கையோடு, 2021 ஜனவரியில் திட்டத்தின் மூன்றாம் பாகம் வெளியானது. 948 கோடியே 90 லட்சம் ரூபாய், எட்டு லட்சம் பேர். வேலைகள் காணாமல் போன காலத்தில் வேலைக்குப் பயிற்சி. கண்மாய் வற்றிக் கிடக்கையில் தூண்டில் வகுப்பு நடத்துவதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. மீன் கிடைக்கவில்லை என்று வாத்தியாரை யாரும் குறை சொல்ல முடியாது.

பணம் தலைமடையிலிருந்து கடைமடைக்கு இறங்கும் விதத்தை ரசித்தால்தான் இந்தத் திட்டத்தின் அருமை புரியும். அமைச்சகத்திலிருந்து கழகம், கழகத்திலிருந்து பயிற்சிப் பங்குதாரர், அவரிடமிருந்து பக்கத்துச் சந்தில் மாடியில் இருக்கும் மையம். தலைக்கு, மணிக்கு இவ்வளவு என்று கூலி. 2015-இல் உச்சவிலை 38 ரூபாய் 50 காசு. அதை மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். வகுப்பு தொடங்கினால் முப்பது சதம். சான்றிதழ் வாங்கினால் ஐம்பது சதம். வேலை கிடைத்தால் மிச்சம் இருபது. எங்கள் பக்கத்தில் வீடு கட்டும் கொத்தனாரிடம் இப்படிப் பேசினால் கதவு நிலை வைக்கும் முன்னே எண்பது சதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டப் போய்விடுவார். நாம் சின்னப் புத்திக்காரர்கள், பால் காய்ச்சுகிறவரை கடைசிப் பணத்தை இடுப்பில் முடிந்து வைத்திருப்போம். பயிற்சியின் நோக்கமே வேலைதான் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, அந்த வேலையை வெற்றிலை பாக்குக் காசாக ஓரத்தில் வைக்கிற பெரிய மனசு நமக்கு வராது. குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலைக்குப் போனவர்கள் நூற்றுக்கு 41 என்கிறது தணிக்கை. இருபது சதக் கூலிக்கு நாற்பத்தொரு சதப் பலன். இரட்டிப்பு லாபம் என்று ஏன் யாரும் பாராட்டவில்லை?

கடைமடையில் நிற்பவர் பெயர் மொபிலைசர். ஆள் சேர்த்துக் கொடுப்பது அவர் தொழில். நம் தாத்தா காலத்தில் இவருக்குக் கங்காணி என்று பெயர். கங்காணியும் ஊர் ஊராக வந்துதான் ஆள் பிடித்தார், தலையை எண்ணித்தான் காசு வாங்கினார். ஆனால் அவர் கூட்டிக்கொண்டு போன மலைத்தோட்டத்தில் அட்டை, குளிர், துண்டுக் கடன் எல்லாவற்றோடும் ஒரு வேலையும் இருந்து தொலைத்தது. மொபிலைசர் அந்தச் சிரமத்தை அறவே நீக்கிவிட்டார். கப்பல் ஏற வேண்டாம், காடு வெட்ட வேண்டாம். ஆதார் நகல் போதும்.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கும் ஒரு பிரிவு இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும், நீ இன்ன தொழிலில் தேர்ந்தவன் என்று சான்றிதழ், கூடவே 500 ரூபாய். செட்டிநாட்டுச் சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் எந்தப் பதத்தில் சேரும் என்பது கைக்குத்தான் தெரியும். அந்தக் கை உள்ள ஒரு கொத்தனாரிடம் இந்த ஏற்பாட்டை நான் விளக்கிச் சொன்னேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "முப்பது வருசமா நான் கொத்தனார்தானான்னு எனக்கே ஒரு சந்தேகம்ண்ணே. பேப்பர் குடுத்துத் தீத்துவைக்கிறாகன்னா நல்லதுதானே" என்றார். அந்த ஐந்நூறு ரூபாய் என்ன ஆயிற்று என்றால், 34 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று அறிக்கை சொல்கிறது. கணக்கு எண் கட்டத்தில் சுழியத்தை வைத்துக்கொண்டு பணம் வரவில்லையே என்று புலம்பினால் வங்கிதான் என்ன செய்யும்? சுழியத்துக்கு ஏற்ற தொகையைத்தான் அனுப்ப முடியும்.

என் சொந்த வீட்டுப் பெருமையையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி மகன் இப்படி ஒரு மையத்தில் சேர்ந்தான். எந்த மையம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். நல்லவர்கள், கண் பட்டுவிடும். சில்லறை விற்பனைப் படிப்பு. முதல் நாளே முதுகுப்பை, தொப்பி, பனியன், கழுத்தில் தொங்க ஓர் அட்டை. கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன, வந்த அன்று போட்ட பிளாஸ்டிக் உறை கசங்காமல். பில் போடும் மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. ஆயுதபூஜை முடிந்து எத்தனை மாதமானாலும் அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அத்தனை பக்தி. அட்டெண்டன்ஸ் ஒழுங்காக நடந்தது. அவன் மையத்துக்குப் போகாமல் புதுவயலில் இருந்த நாட்களிலும் அவன் விரல் அங்கே இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வந்தது. சில மாதம் கழித்து ஒருநாள் என்னிடம் வந்து நின்றான்.

"மாமா, எனக்கு வேலை கெடச்சிருச்சாம்."

"நல்லதாப் போச்சு. எங்கடா?"

"அதான் மாமா தெரியல. மூணு மாசமா வேலை பாக்குறேனாம். சம்பளச் சீட்டெல்லாம் இருக்குன்னு சொல்றாக."

தன் வேலை தனக்கே தெரியாத அளவுக்கு அலட்டல் இல்லாமல் கிடைத்த வேலை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவர் எந்தக் காலத்து மனிதரோ. ஏட்டில் காய்த்து, ஏட்டிலேயே கறியாகி, ஏட்டிலேயே ஏப்பமும் விட்ட சுரைக்காயை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அவன் இப்போது புதுவயலில் ஓர் அரிசி மில்லில் இருக்கிறான். அங்கே பெல்ட் ஒட்டுப் போட்டது, எலிவேட்டர் கத்துகிறது, தொட்டியின் விளிம்பு தேய்ந்து பளபளக்கிறது. எதற்கும் மாலை கிடையாது. அவித்த நெல் காயும் களத்தில் ஒரு பெரியவர் அவனுக்கு நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் மாதம் தப்புத் தப்பாகச் சொல்லி, அரைவைக்குப் போய் அரிசி நொறுங்கி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். இப்போது கடித்த மாத்திரத்தில் இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்கிறான், சரியாக இருக்கிறது. இதற்கு எந்தத் தலைப்பிலும் ஒரு ரூபாய் செலவு எழுதப்படவில்லை, ஒரு படமும் எடுக்கப்படவில்லை. ஆகவே இதைப் பயிற்சி என்று கொள்ள முடியாது. முதுகுப்பை மட்டும் உறுதி. மதியச் சாப்பாட்டை அதில்தான் கொண்டுபோகிறான். 12,000 கோடியில் தையல் விடாமல் நிற்கிற பகுதி ஒன்றை எங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சென்னைக்காரர்கள் தங்களை விட்டுவிட்டேன் என்று வருத்தப்படக் கூடாது. 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் எண்ணிக்கையை லட்சங்களில் சொல்வதில் நன்றாகத் தேறியிருக்கிறது. எல்லோரும் முதல்வன் ஆகிவிட்ட மாநிலத்தில் இரண்டாவதாக வந்து வேலை கொடுக்கப் போகிறவர் யார் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. கற்றுக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. 2009-இல் ஒபாமா 787 பில்லியன் டாலர் ஊக்கத் தொகுப்பு போட்டார். அதில் அரை பில்லியன் டாலரைப் பசுமை வேலைகளுக்கான பயிற்சிக்கென்று ஊர் ஊராகப் பங்கிட்டார்கள். கிட்டத்தட்ட எண்பதாயிரம் பேருக்கு வேலை என்பது இலக்கு. 2011 ஜூன் வரை வேலைக்குப் போனவர்கள் சுமார் எட்டாயிரம். சரி, இதெல்லாம் எங்கும் நடப்பதுதான். ஆனால் அவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள்: தொழிலாளர் துறையின் சொந்தக் கணக்காய்வாளரே அந்த எட்டாயிரத்தை எண்ணி, திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிட்டுவிட்டார். செலவழிக்காத பணத்தைத் திருப்பி வாங்குங்கள் என்றும் சொன்னார். ஆட்களின் பேரும் விலாசமும் வேலைபார்க்கும் இடமும் எழுதிவைத்தால் இப்படித்தான் சந்தி சிரிக்கும். நம்முடைய 95,90,801 பேரை எவராலும் இப்படி எண்ண முடியாது. நாம் ஏழு வருஷம் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, திட்டத்தின் மூன்று பாகங்களும் முடிந்து, நாலாவது பாகத்துக்கும் சேர்த்து 2025 பிப்ரவரியில் 8,800 கோடிக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, அதற்கும் பத்து மாதம் கழித்துத்தான் தணிக்கை அறிக்கையே சபைக்கு வந்தது. சுபகாரியத்துக்கு நடுவே யாரும் தும்மவில்லை.

இத்தனைக்கும் தணிக்கைக்காரர்கள் சும்மா விடவில்லை. பயன் பெற்றவர்களையே கேட்டுவிடுவோம் என்று பதிவேட்டில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன வேகத்தில் திரும்பி வந்தன. பதில் எழுதியவர்கள் மொத்தம் 171 பேர். அந்த 171-இல் 131 பதில்கள் ஒரே முகவரியிலிருந்தோ, பயிற்சி கொடுத்தவர்களின் முகவரியிலிருந்தோ வந்திருந்தன. மாணவன் களைத்திருப்பான், நாமே எழுதிவிடுவோம் என்று வாத்தியாரே பரீட்சை எழுதித் தருகிற பாசத்தை நான் என் பள்ளிக்கூட நாட்களில் எவ்வளவோ ஏங்கியும் பார்த்ததில்லை.

மிச்சமிருப்பது 40 பேர். மூன்று பாகமும் சேர்த்து ஒரு கோடியே 32 லட்சம் பேர் இலக்கில், பதினான்காயிரம் கோடிக்கு மேல் ஒதுக்கிய ஒரு திட்டத்தில், தன் சொந்த முகவரியிலிருந்து தானே பதில் போட்ட 40 பேர். இவர்கள் யார், எந்த ஊர், யார் மகன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அது பழைய கண்டனூர்ப் புத்தி, போகாது. தெரிந்தால் ஊருணிக் கரையில் பந்தல் போட்டு மாலை மரியாதை செய்யலாம்.

எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று அமைச்சகம் வருத்தப்படுவதானால் 172-ஆவது பதிலை நான் எழுதித் தரச் சித்தமாக இருக்கிறேன். பயிற்சி பிரமாதம், பை உறுதி, வேலை கிடைத்தது, இடம் மட்டும் தெரியவில்லை. தங்கச்சி மகன் படத்தையே எனக்கும் ஒட்டிக்கொள்ளலாம், சாடை ஒன்றுதான். வங்கிக் கணக்கு எண் கேட்டால் பாஸ்புக்கைத் தேட வேண்டியதில்லை, மனப்பாடம். எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று... கட்டம் முடிகிற வரைக்கும் ஒன்றுதான்.